சொல்வன்மையும் கேள்வியும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில், கல்விக் கமிட்டியாரின் விருப்பத்திற்கிணங்க நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பண்டிதன் ஒருவன் பேச எழுந்தால் கம்பரைப்பற்றியோ இளங்கோவடிகளைப்பற்றியோ பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. இன்று யான் எடுத்துக்கொண்டதோ, அமெரிக்க தேசத்திற் பிறந்து, பல்கலைக்கழகங்கள் பலவற்றில் தலைமைப் பதவி வகித்து, அரசாங்கங்களுக்கு ஆலோசகராகவும் விளங்கி, 1987-ஆம் ஆண்டிற் காலஞ்சென்ற வில்பர் ஷ்ராம் என்னும் பேராசிரியரின் வரலாறு. 'அவருக்கும் நம் சங்கத்திற்கும் என்ன சம்பந்தம்?' என்று சிலர் ஐயுறலாம். சம்பந்தம் உண்டு.

நம் மாணவர் விடுதியில் மாலைதோறும் பாடம் சொல்லிவரும் ஆசிரியர் இருவரை நிறுத்திவிட்டு, அவர்களுக்குக் கொடுக்கும் சம்பளத் தொகையைக்கொண்டு பெரிய திரையொன்று வாங்கி, பட்டணத்துப் பெயர்பெற்ற ஆசிரியர்கள் நடத்திய பாடங்களை அதிற் காட்டலாம் என்று ஒரு யோசனை கல்விக் கமிட்டியார் முன் வந்திருக்கிறது. அதைப்பற்றி என் கருத்தைக் கேட்டார்கள். யானும் ஓர் உபாத்தியாயன். ஆசிரியருக்காகப் பரிந்து பேசினால், 'தன் தொழிலுக்குத் தானே வக்காலத்து வாங்குகிறான்' என்பீர்கள். ஆதலின், இயந்திரத்தினிடத்துப் பெருநம்பிக்கை வைத்துத் தொடங்கி, பல தேசங்களிற் பல வருஷம் ஆராய்ந்து, முடிவிலே தம் நம்பிக்கையைத் தாமே திருத்திக்கொண்ட ஒருவரைச் சாட்சியாக அழைத்து வந்திருக்கிறேன்.

வரலாற்றினுட் புகுமுன், நம் திருக்குறளின் அதிகார வைப்பை ஒருமுறை நினைவூட்டுகிறேன். பொருட்பாலிலே அரசியலைக் கூறப் புகுந்த வள்ளுவர், இறைமாட்சிக்கு அடுத்துக் கல்வி, கல்லாமை, கேள்வி என அதிகாரங்களை நிறுத்தினார். சொல்வன்மையையோ அமைச்சியலில் வைத்தார். கேள்வி அரசனுக்கு உரியதாக முதலில் நிற்க, சொல்வன்மை அமைச்சனுக்கு உரியதாகப் பின்னே வருகிறது. ஆள்வோன் முதலிற் கேட்கக் கற்கவேண்டும். அவனுக்குத் துணையாவோன் சொல்லக் கற்கவேண்டும் என்பது இவ்வைப்பினால் யான் உணர்ந்த கருத்து. நிற்க; இக்காலத்தார் 'தொடர்பியல்' என்றும் 'பொதுக்கொள்கை' என்றும் இரு சாஸ்திரங்களாகப் பிரித்துக் கற்பிப்பவை, நம்மவர் நூலில் ஒரே பாலில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றன. ஷ்ராமின் வாழ்வு இவ்விரண்டிற்கும் இடையே நடந்ததோர் யாத்திரை என்றே சொல்லலாம்.

அவர் 1907-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 5-ஆம் தேதி, ஒஹாயோ மாகாணத்து மரியட்டா என்னும் சிற்றூரிற் பிறந்தார். ஐந்து வயதில், டான்ஸில் என்னும் தொண்டைச் சதையை அறுத்தெடுக்கும் சிகிச்சை சரிவர நடவாமையால், அவருக்குக் கடுமையான திக்குவாய் உண்டாயிற்று. படிப்பிலே முதல்வர்; ஆயினும் நாலுபேர் நடுவே நாவெழாது. உயர்நிலைப் பள்ளியின் விடைபெறு விழாவிலே முதல் மாணாக்கர் உரை நிகழ்த்துவது அந்நாட்டு வழக்கம். ஷ்ராமோ உரை நிகழ்த்தவில்லை. அதற்கு ஈடாகப் புல்லாங்குழல் வாசித்தார் என்பர். மனிதர் ஒருவரோடொருவர் பேசுவதை ஆராயும் சாஸ்திரத்தைப் பல்கலைக்கழகங்களிலே நிலைநாட்டியவர், பேச அஞ்சிக் குழலைத் துணைக்கொண்ட சிறுவன் என்பதை எண்ணுந்தோறும் என் நெஞ்சம் உருகுகிறது.

இவ்விடத்தில் யான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளவேண்டும். உத்தியோகத்தில் அமர்ந்த புதிதில், என் வகுப்பிலே திக்கித்திக்கிப் பேசும் பையன் ஒருவன் இருந்தான். மனப்பாடச் செய்யுளை எழுந்து நின்று ஒப்புவிக்கும்படி அவனையும் ஏவினேன். முதற் சீரிலேயே நா தடைப்பட்டது. 'ம், சொல்' என்றேன். வகுப்பு சிரித்தது, யான் அடக்கவில்லை. மறுநாள் முதல் ஒரு வாரம் அவன் பள்ளிக்கு வரவில்லை. அச்செய்யுள் முழுவதையும் அவன் பிழையற எழுதிக்காட்ட வல்லவன் என்பதைப் பின்னரே அறிந்தேன். அவனுக்குச் சொல்லத் தெரியாமற்போனது குற்றமன்று. எனக்குக் கேட்கத் தெரியாமற்போனதே குற்றம். இவ்வரலாற்றை யான் விரும்பிக் கற்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஷ்ராம் மரியட்டாக் கல்லூரியிற் பட்டம் பெற்று, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1930-இல் எம்.ஏ. பட்டமும் பெற்று, பின் அயோவாப் பல்கலைக்கழகம் சேர்ந்தார். திக்குவாயை ஆராய்ந்து சிகிச்சை செய்யும் நிபுணர்கள் அங்கே இருந்தமையே அவர் அவ்விடத்தை நாடியதற்கு முக்கிய காரணம். 1932-இல் ஆங்கில இலக்கியத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அதனோடு நில்லாமல், மனோதத்துவ ஆராய்ச்சிச் சாலையிலும் பயின்றார். இலக்கியம் கற்றவர் அளவைக் கருவியையும் கையாளக் கற்றமை பிற்காலத்திற் பெரும்பயன் விளைத்தது. 1936-இல் அப்பல்கலைக்கழகத்தில் தொடங்கிய எழுத்தாளர் பயிற்சிப் பள்ளிக்கு அவரே முதல் தலைவர். தாமும் சிறுகதைகள் எழுதினார். 1942-இல் ஓ. ஹென்றி பெயரால் வழங்கும் பரிசு அவர் கதையொன்றிற்குக் கிடைத்தது. இவ்வளவில் நின்றிருப்பின், அவர் நல்ல இலக்கிய ஆசிரியர் என்ற பெயரோடு மறைந்திருப்பார்.

1941 டிசம்பர் 7-ஆம் தேதி பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது; அமெரிக்கா யுத்தத்தில் இறங்கிற்று. யுத்தச் செய்திகளை மக்களுக்கு அறிவிப்பதற்கென அரசாங்கம் அமைத்த அலுவலகத்தின் தலைவர் ஆர்ச்சிபால்டு மக்லீஷ் என்னும் கவிஞர். ஷ்ராம் அவரிடம் சென்று, கல்விப் பகுதியின் பொறுப்பை ஏற்றார். படைவீரனைப் போருக்கு அனுப்புவதற்கு ஆணை போதும். குடிமகனைப் பங்கீட்டு முறைக்கு இணங்கச் செய்வதற்கும், கடன் பத்திரம் வாங்கச் செய்வதற்கும் ஆணை போதாது. அவன் மனம் இசையவேண்டும். எந்தச் சொல், எந்த வழியாக, யாருடைய வாயிலிருந்து வந்தால் அவன் மனம் இசையும்? இவ்வினாவை ஆராய மனோதத்துவிகள், சமூக சாஸ்திரிகள், பத்திரிகாசிரியர்கள், கவிஞர்கள் ஆகியோர் வாஷிங்டன் நகரில் ஒருங்கு கூடினர். இத்தனை துறையினரும் தத்தம் பல்கலைக்கழகத்திற்குத் திரும்பிய பின்னும் கூடியிருந்து ஆராயத்தக்க ஓர் இடம் வேண்டும் என்னும் எண்ணம் ஷ்ராமின் உள்ளத்தில் அங்கேதான் முளைத்தது.

1943-இல் அயோவாவிற்கு மீண்டு, பத்திரிகைத் தொழிற் கல்விப் பகுதிக்குத் தலைவரானார். 1947-இல் இல்லினாய் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. அங்கே தொடர்பியல் ஆராய்ச்சிக் கழகம் ஒன்றை நிறுவினார். ஷானன், வீவர் என்போர் இயற்றிய, செய்திப் போக்குவரத்தைக் கணித முறையில் விளக்கும் நூல் 1949-இல் வெளிவந்தது அப்பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வாயிலாகவே. 1955-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் சென்று, 1973 வரை அங்கே பணியாற்றினார். சென்றவிடமெல்லாம் அவர் செய்தது ஒன்றே: தொடர்பியலுக்கென ஆராய்ச்சிக் கழகம் அமைப்பது, அதில் டாக்டர் பட்டத்திற்கு மாணாக்கரைப் பயிற்றுவது, பயின்றவரைப் பிற பல்கலைக்கழகங்களுக்கு அனுப்புவது. அவருக்கு முன்னும் லாஸ்வெல், லாசர்ஸ்பெல்டு, லெவின், ஹவ்லண்டு முதலிய பேரறிஞர் இத்துறையில் ஆராய்ந்தனர். ஆனால் அவர்கள் அரசியல் சாஸ்திரம், சமூக சாஸ்திரம், மனோதத்துவம் என்னும் தத்தம் வீட்டிலிருந்து வந்து, இச்சந்தியைக் கடந்து சென்ற வழிப்போக்கர். ஷ்ராமோ அச்சந்தியிலேயே வீடு கட்டிக் குடியேறியவர்.

அவர் கூறிய அடிப்படைக் கருத்து ஒன்றை எளிதாகச் சொல்கிறேன். 1954-இல் வெளியிட்ட கட்டுரையிலே அவர் இவ்வாறு விளக்குகிறார்: சொல்பவனுக்கு ஓர் அனுபவ வட்டம் உண்டு, கேட்பவனுக்கும் ஓர் அனுபவ வட்டம் உண்டு. இரு வட்டங்களும் ஒன்றையொன்று கவிந்து நிற்கும் பகுதி எவ்வளவோ, அவ்வளவே பொருள் சென்று சேரும். ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் வரும் பனிக்காலத்தை நினையுங்கள். 'பனி' என்றவுடன் நம் குழந்தையின் மனத்தில் தோன்றுவது மார்கழிக் காலையிற் புல் நுனியில் நிற்கும் துளி. எழுதினவன் நினைத்ததோ கதவை அடைத்துக் குவியும் வெண்குன்று. சொல் சென்றது, பொருள் சென்றிலது. இதனை அறிவது எப்படி? கேட்டவனைத் திருப்பிச் சொல்லவைத்தாலன்றி அறிய இயலாது. ஆகவே செய்தி என்பது எய்த அம்பு போல ஒருவழி ஓடி நிற்பதன்று. சென்று, விடையோடு மீண்டு, திருந்தி மறுபடியும் செல்லும் வட்டம்.

இவ்வளவு சிறந்த கருத்தை உடையவர் எக்காலத்தும் அதன்படி நடந்தாரா என்று கேட்டால், இல்லை என்றே சொல்லவேண்டும். பெரியோர் சரித்திரத்தைக் கூறுவோர் குறையை மறைத்துக் கூறுதல் கேட்போருக்குச் செய்யும் துரோகமாகும். 1950 ஜூன் மாதம் வடகொரியப் படை சியோல் நகரைக் கைப்பற்றிற்று. செப்டம்பரில் அந்நகர் மீட்கப்பட்டது. உடனே அமெரிக்க விமானப்படையின் ஆதரவில் அங்கே சென்று, நகர மக்களிடம் விசாரித்து எழுதியவருள் ஷ்ராம் ஒருவர். 1951-இல் அது நூலாக வந்தது. நேரிற் கண்டோர் வாக்குமூலம் என்னும் முறையில் அந்நூலுக்கு மதிப்பு உண்டு; ஆயினும் ஒரு பக்கத்து அரசாங்கத்திற்கு வேண்டிய பிரசாரமாகவும் அது பயன்பட்டது. அவருடைய ஆராய்ச்சிகள் பலவற்றிற்கு அரசாங்கப் பணமும் இராணுவப் பணமும் உதவின. அப்பணம் வினாக்களையே வளைத்துவிட்டது, 'மக்களை எப்படி இணங்கச் செய்வது?' என்று கேட்கச் செய்ததேயன்றி, 'மக்கள் சொல்வதை எப்படிக் கேட்பது?' என்று கேட்கச் செய்யவில்லை எனப் பிற்கால அறிஞர் சிலர் குற்றஞ் சாட்டினர். அக்குற்றச்சாட்டு முழுவதையும் தள்ளிவிட இயலாது.

பரிசில் பெற்றவர் எல்லாரும் வாய் மூடினவர் அல்லர். நம் கோவூர்கிழார் சோழரிடம் பரிசில் பெற்றவரே. ஆயினும் நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பொருதபோது இருவரையும் இடித்துரைத்துப் போரைத் தவிர்க்க முயன்றார். அரசன் சோற்றை உண்பது இழிவன்று. உண்ட வாய் உண்மைக்கு அடைபடுவதே இழிவு. ஷ்ராமைப்பற்றி யான் சொல்லத்தக்கது இது: நடுவயதில் அரசாங்கத்தின் குரலாக நின்ற அவர், ஆண்டு முதிர முதிரத் தம் அளவைக் கருவி காட்டிய உண்மைக்கு அடங்கினார். அதற்கு மூன்று சான்றுகள் காட்டுவேன்.

முதற்சான்று, குழந்தைகளும் தொலைக்காட்சியும் என்பது. தொலைக்காட்சி அமெரிக்க வீடுகளிற் பரவிய காலத்தில், அது குழந்தைகளைக் கெடுக்கும் நஞ்சு என்றார் சிலர். அறிவூட்டும் அமுதம் என்றார் வேறு சிலர். ஷ்ராமும் லைல், பார்க்கர் என்னும் இருவரும் அமெரிக்காவிலும் கனடாவிலும் பத்து ஊர்களில், ஏறக்குறைய 6,000 குழந்தைகளை விசாரித்தனர். தொலைக்காட்சி வந்த ஊர் ஒன்றையும் வராத ஊர் ஒன்றையும் பக்கத்திற் பக்கமாக வைத்து ஒப்பிட்டனர். 1961-இல் வெளிவந்த அவர்கள் முடிவு இருசாராரையும் ஏமாற்றிற்று. தொலைக்காட்சி குழந்தைக்கு என்ன செய்கிறது என்று கேட்பதைவிட, குழந்தை தொலைக்காட்சியை எதற்குப் பயன்படுத்துகிறது என்று கேளுங்கள் என்றனர். சில நிலையிற் சில குழந்தைகளுக்குத் தீமை. அதே நிலையில் வேறு சிலருக்கு நன்மை. பெரும்பாலாருக்கு இரண்டும் பெரிதாக இல்லை என்பது அதன் சாரம். வீட்டிலே அன்பும் நட்பும் குறைந்த குழந்தையே திரையிற் போய் மறைகிறது. வீட்டுக்கு வீடு கைப்பேசி வந்துவிட்ட இற்றைநாளில், பெற்றோராகிய நாம் குழந்தையின் கையைப் பார்த்துக் கோபிக்குமுன் நம் வீட்டை ஒருமுறை பார்த்துக்கொள்ளவேண்டும்.

இரண்டாஞ்சான்று நம் இந்திய தேசத்தில் நிகழ்ந்தது. 1956-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையில், அகில இந்திய வானொலியும் யுனெஸ்கோவும் சேர்ந்து, அக்காலத்துப் பம்பாய் மாகாணத்தில், பூனாவை நடுவாகக்கொண்ட சில ஜில்லாக்களில் 150 கிராமங்களைத் தெரிந்தெடுத்தன. கிராமந்தோறும் ஏறக்குறைய இருபது பேர் கொண்ட குழு ஒன்று. வாரத்திற்கு இருமுறை மராத்தியில் ஒலிபரப்பு. மொத்தம் இருபது ஒலிபரப்புகள். ஒலிபரப்பு முடிந்ததும் பெட்டியை நிறுத்திவிட்டு, கேட்டதைக் குழுவினர் தமக்குள் விவாதிப்பர். தம் ஐயங்களை எழுதி நிலையத்திற்கு அனுப்புவர். அவற்றிற்கு ஒலிபரப்பிலே விடை வரும். டாட்டா சமூக விஞ்ஞானக் கழகத்தார் இதனை அளந்து பார்த்தனர். குழுக் கூடிய கிராமங்களில் அறிவு வெகுவாக வளர்ந்திருந்தது. வானொலிப் பெட்டி இருந்தும் குழு இல்லாத கிராமங்களிலோ வளர்ச்சி சொற்பமே. பெட்டி ஒன்றே, ஒலிபரப்பு ஒன்றே, வேற்றுமை யாது? ஒரு கிராமத்தார் கேட்டதோடு நின்றனர். மற்றொரு கிராமத்தார் கேட்டபின் வாய் திறந்து வினவினர். 'கேள்வி' என்ற நம் ஒரு சொல்லே செவியாற் கேட்டலையும் வாயால் வினாவுதலையும் குறிக்கின்றதன்றோ! அவ்விரு பொருளும் சேர்ந்தவிடத்தே அறிவு வளர்ந்தது.

இச்சோதனையை ஷ்ராம் செய்யவில்லை. ஆனால் உலகறியச் செய்தவருள் அவர் முக்கியமானவர். யுனெஸ்கோவின் வேண்டுகோளுக்கிணங்க எழுதி 1964-இல் வெளியிட்ட, செய்திச் சாதனங்களும் தேச வளர்ச்சியும் என்னும் பொருள்பற்றிய நூலில் இதனை எடுத்துக்காட்டினார். நூறு பேருக்குப் பத்துத் தினசரிப் பிரதிகள், ஐந்து வானொலிப் பெட்டிகள், இரண்டு தொலைக்காட்சிப் பெட்டிகள், இரண்டு சினிமா ஆசனங்கள் குறைந்தபட்சம் வேண்டும் என்பது அக்காலத்து யுனெஸ்கோவின் அளவுகோல். புதிதாக விடுதலை பெற்ற தேசங்களின் மந்திரிகள் அந்நூலை ஆவலோடு ஏற்றனர். அதற்குச் சற்று முன், போர்டு ஸ்தாபனத்தின் சார்பில் ஷ்ராம் முதலிய நிபுணர் குழுவினர் நம் நாட்டிற்கு வந்து அரசாங்கத்திற்கு யோசனை கூறினர். அதன் பயனாக டில்லியில் இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம் 1965 ஆகஸ்டு 17-ஆம் தேதி தோன்றிற்று. இன்று நம் பிள்ளைகளுட் சிலர் பத்திரிகைத் தொழிலுக்கும் ஒலிபரப்புத் தொழிலுக்கும் பயிலும் வழிகளுள் அதுவும் ஒன்று.

ஆயினும் 1964-ஆம் வருஷத்து நூலிலே ஒரு குறை இருந்தது. சாதனங்கள் பெருகினால் அறிவு பெருகும், அறிவு பெருகினால் வறுமை நீங்கும் என்னும் நம்பிக்கை அதிற் சற்று மிகுந்திருந்தது. அந்நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கத் தெற்குப் பசிபிக் சமுத்திரத்தில் ஒரு தீவு வாய்த்தது. அதுவே மூன்றாஞ்சான்று.

அமெரிக்கச் சமோவா என்பது சிறு தீவுக் கூட்டம். அங்கே பள்ளிகள் சீர்கெட்டிருந்தன. ஆங்கிலத்திற் பாடம் சொல்லவேண்டும், ஆசிரியருக்கோ ஆங்கிலம் போதாது. ரெக்ஸ் லீ என்னும் கவர்னர் ஓர் அதிசயமான வழியை மேற்கொண்டார். தலைமைத் தீவிலே ஒளிபரப்பு நிலையம் அமைத்து, ஆறு அலைவரிசைகளில், அமெரிக்காவிலிருந்து வந்த தேர்ந்த ஆசிரியர்களைக்கொண்டு எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே சமயத்திற் பாடம் நடத்தச் செய்தார். 1964 அக்டோபரில் அது தொடங்கிற்று. வகுப்பிலிருந்த சமோவா ஆசிரியர் திரைக்குத் துணைவராக நின்றார். உலகமே அத்தீவை நோக்கிற்று. நம் கல்விக் கமிட்டியாரின் இன்றைய யோசனை, பெரிய அளவில், அன்றே அங்கே நிறைவேறிற்று என்று சொல்லலாம்.

விளைவு யாது? தொடக்கத்தில் நன்மை இருந்தது. சிறு வகுப்புக் குழந்தைகள் விரும்பிப் பார்த்தனர். ஆனால் வகுப்பு ஏற ஏற விருப்பம் குறைந்தது. திரையிலிருப்பவர் ஒருவரைப் பார்த்தும் 'உனக்கு விளங்கிற்றா?' என்று கேட்கமாட்டார். விளங்காதவனுக்காக நிற்கவும் மாட்டார். மேல்வகுப்பு மாணாக்கரும் ஆசிரியரும் வரவர அதை வெறுத்தனர். உள்ளூர் ஆசிரியர் தேர்ச்சி பெறப்பெற, திரையின் இடம் சுருங்கிற்று. 1970-களில், அது பாடத்தை நடத்தும் தலைவன் என்னும் நிலையிலிருந்து, வேண்டும்போது அழைக்கும் உதவியாள் என்னும் நிலைக்கு இறங்கிற்று. இவ்வரலாற்றை ஷ்ராம், நெல்சன் என்பவரோடும், மேரே பெதம் என்னும் சமோவா நாட்டுக் கல்வியறிஞரோடும் கூடி 1981-இல் நூலாக எழுதினார். ஆக்கத்தையும் சொன்னார், தோல்வியையும் மறைக்கவில்லை. தீவைப்பற்றி எழுதத் தீவினரையே உடனாசிரியராகக் கொண்டமையைக் கவனியுங்கள். 1950-ஆம் வருஷத்து ஷ்ராமுக்கும் 1981-ஆம் வருஷத்து ஷ்ராமுக்கும் உள்ள தூரம் அங்கே விளங்கும்.

அதற்குமுன், 1977-இல், பெரிய சாதனங்களையும் சிறிய சாதனங்களையும் ஒப்பிட்டு ஒரு நூல் வெளியிட்டார். தொலைக்காட்சி போன்ற செலவுமிக்க கருவியினால் ஆகும் போதனை பெரும்பாலும் வானொலி, படத்தகடு, அச்சுத்தாள் முதலிய சிறு கருவிகளாலும் ஆகும். கருவியின் பெருமை அன்று, பாடத்தின் செம்மையும் பக்கத்திலிருந்து கற்பிப்போரின் துணையுமே பயனைத் தீர்மானிக்கும் என்பது அதன் கருத்து. தம் 1964-ஆம் வருஷத்து நூலைப்பற்றியும் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார்: மேல்நாட்டு வளர்ச்சி முறை பிற நாட்டிற்கும் அப்படியே பொருந்தும் என்பதில் தாம் இன்னும் ஐயம் கொண்டிருக்கவேண்டும்; ஊருக்குள்ளே நடக்கும் செயல்களோடு சாதனங்களை இணைப்பதில் இன்னும் கருத்து வைத்திருக்கவேண்டும் என்று. எழுபது வயதை எட்டிய பேராசிரியர், உலகம் புகழ்ந்த தம் நூலைத் தாமே திருத்துவது எளிய செயலன்று. அவருடைய பட்டங்களையும் பதவிகளையும்விட இச்செயலையே யான் பெரிதாக மதிக்கிறேன்.

1973-இல் ஸ்டான்போர்டினின்று ஓய்வு பெற்று, ஹவாய்த் தீவின் ஹொனலூலு நகரில் கிழக்கு-மேற்கு நிலையத்தின் தொடர்பியல் பகுதிக்கு 1975 வரை தலைவராயிருந்தார். பின்னும் அந்நகரிலேயே தங்கி எழுதிவந்து, 1987 டிசம்பர் 27-ஆம் தேதி, எண்பதாம் வயதில் உயிர்நீத்தார்.

சபையோர்களே! இவ்வரலாற்றால் நம் யோசனைக்குக் கிடைக்கும் தீர்ப்பு யாது? 'திரை வேண்டாம்' என்று ஷ்ராம் சொல்லவில்லை, யானும் சொல்லேன். பட்டணத்து நல்லாசிரியரின் கணிதப் பாடம் நம் விடுதிப் பிள்ளைக்குக் கிடைப்பது பேறே. ஆனால் ஆசிரியரை நிறுத்தி அவ்விடத்திலே திரையை நிறுத்துதல், பூனாக் கிராமங்களிற் குழுவைக் கலைத்துவிட்டுப் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டதற்கு ஒப்பாகும். ஆதலின் கமிட்டியார்க்கு மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்கிறேன்.

முதலாவது, பெரிய திரைக்குப் பதிலாகச் சிறியதொன்றை வாங்குக. ஆசிரியர் இருவரையும் வைத்துக்கொள்க. பாடம் அரைமணி ஓடினால், அதை நிறுத்திவிட்டு அரைமணி பிள்ளைகள் வினாவ, ஆசிரியர் விடை கூறுக. இரண்டாவது, அதையும் ஒரு பருவம் சோதனையாக நடத்துக. பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குத் திரையோடு கூடிய பாடமும், மற்றப் பகுதியினருக்கு வழக்கமான பாடமும் நடத்தி, முன்னும் பின்னும் பரீட்சை வைத்து அளந்து பார்க்க. சோதனை முடிந்தபின், பயன் பெறாத பகுதியினருக்கும் பயன் தந்த முறையிலேயே நடத்துக. என் சொல்லை நம்பவேண்டாம், அளவை நம்புக. மூன்றாவது, பிள்ளைகளைக் கேளுங்கள். இந்த யோசனையைப்பற்றி அக்கிராசனர் பேசினார், பொக்கிஷதார் பேசினார், பண்டிதனாகிய யானும் பேசினேன். விடுதியில் இருக்கும் பிள்ளைகளில் ஒருவரையும் இதுவரை யாரும் கேட்கவில்லை. நம் மாதப் பத்திரிகையில் அவர்கள் எழுதுவதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்குவது நன்று. நாம் மாதந்தோறும் அவர்களுக்குச் சொல்கிறோம். அவர்கள் நமக்குச் சொல்வதற்கு வழியே இல்லை.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டிலோ, உறவினர் வீட்டிலோ, நா திக்கும் குழந்தை இருந்தால் அதனை அவசரப்படுத்தாதீர்கள். பாதிச் சொல்லைப் பிடுங்கி நீங்கள் முடிக்காதீர்கள். பிறர் சிரிக்க இடங்கொடாதீர்கள். இதற்கெனப் பயின்ற சிகிச்சையாளர் இக்காலத்தில் உளர். அவர்களிடம் அழைத்துச் செல்லுங்கள். வகுப்பில் யான் கேளாது விட்ட அப்பையன் இன்று வேறோர் ஊரிலே உத்தியோகத்தில் இருக்கிறான். சில ஆண்டுகளுக்கு முன் என்னைக் காண வந்தான். பழைய நிகழ்ச்சியை யான் எடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவன் சற்று நேரம் திக்கி, 'அது எனக்கு மறக்கவில்லை, ஐயா. நீங்களும் மறக்கவில்லை என்பது இன்றுதான் தெரிந்தது' என்றான். அவன் அதைச் சொல்லி முடிக்க நெடுநேரம் ஆயிற்று. அன்று யான் காத்திருந்து கேட்டேன்.

இனி நீங்கள் சொல்லுங்கள், யான் கேட்கிறேன்.